வண்டூர்க் கடலில் உயிருள்ள கல்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நம் சங்கத்துக் குடும்பங்களில் முதலில் காட்டுவது செல்லுலார் சிறை. அடுத்தது, நாம் இன்னும் ஹேவ்லாக் என்றே சொல்லும் சுவராஜ் தீவு. வண்டூரை "நேரம் இருந்தா பார்க்கலாம்" என்று கடைசியில் தள்ளிவிடுகிறோம். அங்கே போனவர்களிலும் பலர் படகில் ஏறி, கண்ணாடி வழியே கலர் கலராக ஏதோ பார்த்தோம் என்று திரும்பிவிடுகிறார்கள். பார்த்தது என்ன என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டாமா? அடியேன் கடை வைத்துப் பிழைப்பவன். கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பெயரும் இடமும்

ஸ்ரீவிஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேயரிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் வண்டூர் இருக்கிறது. மலப்புறம் மாவட்டத்திலும் ஒரு வண்டூர் உண்டு. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் இங்கே நாடு கடத்தப்பட்டவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். திரூர், மஞ்சேரி, வண்டூர் எல்லாம் அப்படி வந்தவைதான். ஊரை விட்டு வந்த நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

வண்டூரை ஒட்டிய கடலும் சுமார் 15 தீவுகளும் சேர்ந்ததே மகாத்மா காந்தி கடல்வாழ் தேசியப் பூங்கா. 1983-இல் அமைக்கப்பட்டது, பரப்பு 281.5 சதுர கி.மீ. இங்கே புலி கிடையாது. பார்க்க வேண்டியது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

கல்லா, செடியா, உயிரா?

பவளப்பாறையைப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். கிளை விட்டிருப்பதால் செடி என்றும் தோன்றும். உண்மையில் அது சிறு சிறு உயிர்களின் கூட்டுக் குடியிருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயும் அதைச் சுற்றி மெல்லிய கைகளும் உண்டு. கடல்நீரிலிருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கிறது. நிறத்தில் பெரும்பகுதியும் அந்தப் பாசி தருவதுதான். கழுத்தில் அணியும் சிவப்புப் பவளம் இதுவல்ல. அது மத்திய தரைக்கடல் போன்ற இடங்களில் கிடைக்கும் வேறு இனம்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு ஒன்று. நத்தை வகைக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு. இப்படி மனிதனுக்கு ஆறு. எங்கள் சமண நூல்களும் ஒரு புலன் முதல் ஐம்புலன் வரை உயிர்களை வகுக்கின்றன. செடிபோல் நின்ற இடத்திலேயே நின்றாலும், தொட்டால் சுருங்கி, வாயால் இரை பிடிக்கும் இந்த உயிரை நத்தையின் வரிசையில் வைப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

வியாபாரக் கணக்கில் சொல்கிறேன். உருண்டைப் பவளம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் உயரப் பாறை என்றால் நூறாண்டுச் சேமிப்பு. வண்டூரில் குடியேற்றம் நடந்த காலத்திலிருந்து வளர்ந்து வருகிறது என்று பொருள். ஒரு கால் மிதி போதும், அந்த முதல் போய்விடும்.

கல்லக்குடியும் ஒரு காலத்தில் வண்டூர்தான்

இப்படிப்பட்ட பாறைகள் மண்ணில் புதைந்து காலம் கடந்தால் சுண்ணாம்புக்கல் ஆகும். திருச்சி, அரியலூர்ப் பக்கம் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. சிமெண்ட் ஆலையால் டால்மியாபுரம் என்று பெயர் பெற்ற கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல்லில் அந்தக் காலத்துப் பவள உயிர்களும் பாசிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. நம் வீட்டுச் சுவரில் உள்ள சிமெண்ட்டிலும் பழைய கடல் கலந்திருக்கலாம்!

ராஜஸ்தானில் இதற்கு மறுபக்கம் உண்டு. ஜெய்சல்மேர்ப் பாலைவனத் தேசியப் பூங்கா 3,162 சதுர கி.மீ. மணலும் முள்ளும், கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. அதே ஜெய்சல்மேர் அருகே ஆகல் என்ற இடத்தில் சுமார் 18 கோடி ஆண்டுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. காடு பாலையாகும், கடல் வயலாகும். ஆனால் அவற்றுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. இப்போது நடப்பது அப்படி அல்ல.

நம் கண்முன் நடந்தவை

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் சுமார் ஒரு மீட்டர் வரை தாழ்ந்தது. வண்டூர்ச் சாலையில் சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். வடக்கு அந்தமானின் மேற்குக் கரையிலோ தரை உயர்ந்து, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து மடிந்தன. இதைத் தடுக்க யாராலும் முடியாது.

கடல் சூடாவது வேறு கதை. சூடு தாங்காமல் உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறினால் பவளம் வெளுத்துப்போகும். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் அந்தமானில் இது நடந்தது. மன்னார் வளைகுடாவிலோ சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டியெடுத்ததால் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. பாறைதான் தீவுக்குச் சுவர். சுவர் போனால் வீடு ஏது?

போகிறவர்களுக்கு

வண்டூர்ப் படகுத்துறையிலிருந்து படகு புறப்படும். மழையில்லாத மாதங்களில் ஜாலி பாய் தீவும், மழைக்காலத்தில் ரெட் ஸ்கின் தீவும் மாறி மாறித் திறக்கும். வனத்துறை அனுமதிச் சீட்டு கட்டாயம். திங்கட்கிழமை விடுமுறை. பிளாஸ்டிக் பையும் பொட்டலமும் கொண்டுபோகக் கூடாது. எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். தீவில் கடை கிடையாது, இரவு தங்கவும் முடியாது. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் குளிக்காதீர்கள்.

முக்கியமான ஒன்று. கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுக்காதீர்கள். 2001 முதல் பவளப்பாறை உயிர்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒன்றாக இருக்கின்றன. "ஷோகேஸில் வைக்க ஒண்ணு கொண்டு வா" என்று ஊரில் மைத்துனர் கேட்டால், "நீங்களே வந்து பாருங்க மாப்பிள்ளை, அது கல் இல்லை, உயிர்" என்று சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் காட்டுவதற்கு வண்டூரில் ஏதாவது மிச்சம் இருக்கட்டும்.