மும்பையில் சிகிச்சை: தங்குமிடத்தைத் தேர்வு செய்வது எப்படி?

மும்பையின் தென்பகுதியில் அறை வாடகை அதிகம், புறநகரில் குறைவு. ஆயினும், பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வருவோர் வாடகையை மட்டும் கருதித் தொலைவில் தங்குவது உகந்ததல்ல. காலையில் தெற்கு நோக்கிச் செல்லும் புறநகர் ரயில்களில் நிற்கவும் இடமிருக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் புற்றுநோயாளிகளும் பயணிக்கலாம் என்பது சற்றே ஆறுதல்.

மேற்கு, மத்திய ரயில் பாதைகள் சந்திக்கும் தாதர், மருத்துவமனைக்கு அருகில் உள்ளது. நோயாளிகளின் குடும்பத்தினர் தங்கும் காட்கே மகராஜ் தர்மசாலை அங்குதான் இயங்குகிறது. தென்னிந்திய உணவுக்குப் பெயர் பெற்ற மாட்டுங்கா, மத்திய பாதையில் அதற்கு அடுத்த நிலையம். தர்மசாலைகளில் இடம் பெற, மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவை முதலில் அணுகுவது நல்லது.

சிகிச்சை நவி மும்பையின் கார்கரில் உள்ள டாடா மையத்தில் எனில், தாதரில் அறை எடுப்பது வீண் செலவு. எந்த வளாகம் என்பதை உறுதி செய்த பின்னரே முன்பதிவு செய்ய வேண்டும்.