மலிவு வீட்டுக்கு எவ்வளவு ஆகும்?

கோவை உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன்குளம் கரைகளில் நெடுங்காலம் குடியிருந்த பல குடும்பங்களுக்குக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் அடுக்ககங்களில் அரசு வீடு கிடைத்தது. கான்கிரீட் கூரையும் தனிக் கழிப்பறையும் வந்தன. ஆனாலும் சிலர் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குள் வாடகைக்கு வருகிறார்கள். ஏன்?

இந்த வீடுகளைக் கட்டுவது, 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 2015இல் வந்த பிரதமரின் வீட்டுவசதித் திட்டப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவில் சேரும்; சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. அடுக்கக வீடு ஒன்றுக்கு மத்திய அரசு 1.5 லட்சம் தரும். மாநில அரசின் பங்கு போக, மிச்சம் பயனாளியின் பங்குத் தொகை.

கம்பியும் சிமென்டும் எங்கே வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். விலையை நிர்ணயிப்பது மனை. ஊருக்குள் சென்ட் விலை எட்டாத உயரத்தில் இருப்பதால், அரசு நிலம் மொத்தமாகக் கிடைக்கிற புறநகருக்குத் திட்டங்கள் போய்விடுகின்றன. இப்படி அரசு மிச்சம் பிடிக்கும் பணத்தைக் குடும்பம் பிறகு பயண நேரமாகவும் இழந்த வருமானமாகவும் தவணை தவணையாகச் செலுத்துகிறது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் சுமை தூக்குபவர் விடியும் முன் வந்து சேர வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆனால் பயண நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. இரண்டு வீட்டு வேலை பார்த்தவர் ஒன்றை விட்டுவிட நேர்கிறது. வெள்ளலூரில் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கின் நாற்றமும் புகையும் சேர்ந்துகொள்கின்றன.

அப்படியானால் குளக்கரையிலேயே விட்டிருக்கலாமா? நொய்யல் வாய்க்கால்களில் தண்ணீர் பெறும் குளங்கள் இவை. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். கரையில் வீடு இருந்தால் மழைக்காலத்தில் குடும்பத்துக்கும் ஆபத்து, கரைக்கும் ஆபத்து. அதே சமயம், குளத்தைக் கெடுத்த சாக்கடை ஊர் முழுவதிலிருந்தும் வந்தது; பழி கரையில் இருந்தவர்கள் மீது மட்டும் இல்லை. ஆனாலும் அந்த ஆபத்தைப் பார்த்தால் காலி செய்ததில் நியாயம் உண்டு; பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்ததுதான் கேள்வி.

சிங்கப்பூரில் 1961இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்தபோது, வீட்டு வாரியம் அந்த இடத்திலேயே அடுக்ககங்களை எழுப்பியது. கோவையிலும் உக்கடம் புல்லுக்காட்டில், ஊருக்குள்ளேயே வாரிய வீடுகள் உண்டு. பழுதான பழைய குடியிருப்புகளை இடித்து அதே மனையில் கூடுதல் மாடி கட்டினால், புது நிலம் தேடாமலே வீடு பெருகும். விளைநிலமும் தப்பும்.

ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வந்தால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: பங்குத் தொகையை எத்தனை தவணையில் கட்டலாம், கிரயப் பத்திரம் எப்போது கிடைக்கும், லிஃப்ட், மோட்டார் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு, முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்கு. இந்த நான்கையும் கூட்டிப் பார்த்தால்தான் அந்த வீடு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது தெரியும்.