ரீட்டா என்றாலும் முத்துதான்! தூத்துக்குடி கடற்கரைப் பெயர்களில் ஒளிந்திருக்கும் இத்தாலி

பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானத் தேதி குறித்தாகிவிட்டது. பெயர்தான் முடிவாகவில்லை. “ஆச்சி பேரு ரீட்டா. அதையே வைப்போமே” என்கிறார் தாத்தா. “அது பழைய பேரு. புதுசா, ஸ்டைலா, அர்த்தமுள்ளதா வேணும்” என்கிறார்கள் பெற்றோர். செல்போனில் தேடத் தேட நூறு பெயர்கள் வருகின்றன. பாதிக்கு அர்த்தமே இல்லை.

தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் என்று முத்துக்குளித்துறை ஊர்களில் இந்த விவாதம் நடக்காத வீடு குறைவு. ஆனால் ‘பழசு’ என்று நாம் ஒதுக்கும் பெயர்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், அவை எங்கிருந்து எங்கே வந்திருக்கின்றன என்பது ஆச்சரியப்பட வைக்கும்.

ரீட்டா, மார்கரெட், முத்து

முதலில் அந்த ஆச்சியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் காஷியா நகரத்துப் புனித ரீட்டாவின் முழுப்பெயர் மார்கரீத்தா. அதன் கடைசிப் பகுதிதான் செல்லமாக ‘ரீட்டா’ ஆனது. மார்கரீத்தா ஆங்கிலத்தில் மார்கரெட். இரண்டுக்கும் மூலம் ‘மார்கரித்தேஸ்’ என்ற கிரேக்கச் சொல். அதன் பொருள், முத்து!

முத்துக்குளித்துறையில் ஒரு பெண் ரீட்டாவாகவோ மார்கரெட்டாகவோ இருந்தால், அவள் பெயரிலேயே முத்து இருக்கிறது. எதிர்வீட்டு முத்துலட்சுமிக்கும் அவளுக்கும் பெயர்ப் பொருத்தம் உண்டு என்பது இருவருக்குமே தெரியாது!

இதே வரிசையில் ஜெம்மாவையும் சேர்க்கலாம். இத்தாலியின் லூக்கா நகரில் வாழ்ந்த புனித ஜெம்மா கல்கானியின் நினைவாக வைக்கப்படும் பெயர் இது. ஜெம்மா என்றால் இரத்தினம்.

குடும்பப் பெயர்கள் பிள்ளைப் பெயர்கள் ஆன கதை

போஸ்கோ, சாவியோ, கொரற்றி. நம் பக்கத்தில் சர்வ சாதாரணமாகக் கேட்கும் இந்த மூன்றும் இத்தாலியில் குடும்பப் பெயர்கள்.

தெருவில் திரிந்த சிறுவர்களுக்குக் கல்வியும் தொழிலும் கற்றுக்கொடுத்த டான் போஸ்கோவின் பெயர் ஜொவான்னி. போஸ்கோ என்பது குடும்பப் பெயர். அதற்குப் பொருள் காடு. அவருடைய மாணவர் தொமினிக் சாவியோ, 15 வயது நிறையும் முன்பே இறந்தவர். சாவியோ என்றால் அறிவாளி. மரிய கொரற்றி 1902-ல், 11 வயதில், தன்னிடம் தவறாக நடக்க முயன்றவனை எதிர்த்ததால் கொல்லப்பட்ட ஏழை விவசாயியின் மகள். 1950-ல் புனிதர் பட்டம் பெற்றார்.

மொழிபெயர்க்கப்பட்ட புனிதர்கள்

கடற்கரைப் பரதவர்கள் 1530-களில் கிறிஸ்தவம் தழுவியபோது, போர்ச்சுகீசியப் பெயர்கள் அப்படியே வந்தன. பர்னாந்து, மோத்தா, மச்சாடோ, கோமஸ் எல்லாம் அப்படி வந்தவை. இன்னொரு பக்கம், பெயரின் பொருளையே தமிழாக்கும் வழக்கமும் வளர்ந்தது. அதில்தான் சுவாரஸ்யம் அதிகம்.

* அருளப்பன்: யோவான் என்பதற்கு ‘கடவுள் அருளுடையவர்’ என்று பொருள். இத்தாலியில் ஜொவான்னி.
* சின்னப்பன்: பவுல் என்றால் லத்தீனில் சிறியவர். அதனால் சின்னப்பர். இத்தாலியில் பாவ்லோ.
* சூசை: இத்தாலியில் ஜுசெப்பே. எபிரேய மூலத்துக்கு ‘பெருகச் செய்வார்’ என்று பொருள். ‘தேம்பாவணி’யில் இவரை ‘வளன்’ என்று தமிழாக்கினார் வீரமாமுனிவர்.
* சந்தியாகு: போர்ச்சுகீசிய ‘சந்தியாகோ’. அதாவது புனித யாக்கோபு. இத்தாலியில் ஜாக்கொமோ.
* சிலுவை: குரூஸ் என்பதன் நேர் தமிழ். தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகர்மன்றத் தலைவர் குரூஸ் பர்னாந்தின் பெயரில் இருப்பதும் இதுதான்.

வீரமாமுனிவரே இந்த வழக்கத்துக்கு நல்ல உதாரணம். இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் 1680-ல் பிறந்தவர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றினார். அவருடைய இயற்பெயர் கொஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. கொஸ்தான்சோ என்றால் உறுதியானவர். அதைத்தான் முதலில் ‘தைரியநாதர்’ என்று மாற்றிக்கொண்டார். நம் ஊர் ஞானப்பிரகாசங்களின் பாதுகாவலரான புனித அலோசியுஸ் பிறந்ததும் அதே காஸ்திலியோனேயில்தான்! கொள்ளைநோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த நோயாலேயே 23 வயதில் இறந்தவர் அவர்.

அந்தோணியே பர்னாந்து!

‘அந்தோணி பர்னாந்து’ என்று பெயருள்ளவர்கள் தூத்துக்குடியில் எத்தனையோ பேர். உவரியில் கூட்டம் கூட்டமாக மக்கள் தேடிப்போகும் பதுவை அந்தோணியார் உண்மையில் இத்தாலியர் அல்ல. போர்ச்சுகலின் லிஸ்பனில் பிறந்தவர். அங்கே அவருக்கு வைத்த பெயர் பெர்னாந்தோ! பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த பிறகுதான் அந்தோணி. இத்தாலியின் பதுவையில் 1231-ல் இறந்தார். ஆக, நம்மூர் அந்தோணி பர்னாந்து ஒரே புனிதரின் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சுமக்கிறார்.

வெயில் ஊரில் பனி

ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்ட் 5-ல் நிறைவடையும் பனிமய மாதா திருவிழாதான் தூத்துக்குடியின் பெரிய விழா. உப்பு விளையும் இந்த வெயில் ஊருக்கு ஏன் பனி மாதா? ரோமாபுரியில் கடுங்கோடையான ஆகஸ்ட் மாதத்தில் எஸ்குவிலின் குன்றின்மீது பனி பெய்ததாகவும், அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்ததாகவும் ஒரு பழைய நம்பிக்கை. அந்த மாதா போர்ச்சுகீசிய மொழியில் ‘தாஸ் நேவிஸ்’, அதாவது பனிகளின் அன்னை. அதுதான் நம் வாயில் ‘தஸ்நேவிஸ்’ ஆகி, பிள்ளைகளின் பெயராகவும் ஆனது. பனியையே பார்க்காத ஊரில், பனியின் பெயரோடு தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறார்கள்.

பெயர் வைக்கும் முன்...

* பொருள் தெரியாத பெயரை ஓசைக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களின் பெயர்ப் பொருளை ஒருமுறை தேடிப் பாருங்கள்.
* பழைய பெயரை முழுதாக வைக்கத் தயக்கமா? இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம்.
* கோயில் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ் இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். பர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் என்று மாறி மாறி எழுதினால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டிவரும்.
* பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அவசரம் வேண்டாம், யோசித்தே வையுங்கள்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மூச்சடக்கி மூழ்கியவர்களும், கரையில் சிப்பி ஏலம் கேட்டவர்களும் இன்று இல்லை. அந்தக் காலத்தின் மிச்சமாக ஒரு முத்து வீட்டில் வேண்டுமென்றால், பெரிய செலவொன்றும் ஆகாது.

அந்தத் தாத்தா சொன்ன பெயரை வைத்தால் போதும்.