‘ஒரு நிமிஷம் அசையாம நில்லு சிட்டு!’ - நாய்க்குட்டியை டாக் ஷோவுக்குத் தயார்படுத்துவது எப்படி?

என் பெரியப்பா பையன் ஆறேழு மாசத்துக்கு முன்னாடி ஒரு சிப்பிப்பாறை குட்டி வாங்கினார். பெயர் சிட்டு. சாம்பல் நிறம், ஊசி மூஞ்சி, காத்தடிச்சா பறந்துடுமோன்னு தோணுற உடம்பு. போன குளிர்காலத்துல ஒரு டாக் ஷோவுக்கு அதைக் கூட்டிட்டுப் போனார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கிட்டேன். “வீட்ல சிலை மாதிரி நிப்பாடா தம்பி, நீ வேணா பாரு”ன்னு கார்ல போறப்பவே அண்ணனுக்கு ஏகப்பட்ட பெருமை.

ரிங்குக்குள்ள ஓட விட்டாங்க. சிட்டு அழகா ஓடுச்சு. அடுத்து நிறுத்தச் சொன்னாங்க. நின்னுச்சு. ஜட்ஜ் பக்கத்துல வந்து கையை நீட்டினார். அவ்வளவுதான். வால் வயித்துக்கு அடியில போயிடுச்சு, முதுகு வில்லு மாதிரி வளைஞ்சது, அண்ணன் காலுக்கு நடுவுல தலையை விட்டு ஒளிஞ்சிக்கிச்சு. ஜட்ஜ் பொறுமையா இன்னொரு முறை முயற்சி பண்ணிப் பார்த்துட்டு, சிரிச்சிட்டே அடுத்த நாய்கிட்ட போயிட்டார். பரிசு கிடைக்கலைங்கிறதை விட, அதுக்கப்புறம் லீஷைக் கையில எடுத்தாலே சிட்டு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குதேன்னுதான் அண்ணனுக்கு வருத்தம்.

எங்கே தப்பாச்சுன்னு தெரிஞ்சிக்க, நாய்களை ரிங்ல நடத்துற ஹேண்ட்லர்கள் சிலர்கிட்ட பேசினேன். அசையாம நிக்கிறதுங்கிறது பார்க்கத்தான் சும்மா. அதுக்குள்ள அவ்வளவு விஷயம் இருக்கு!

எதுக்கு நிக்கணும்?

டாக் ஷோவுல நாய்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு ‘எது அழகு’ன்னு பார்க்கிறாங்கன்னுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில, ஒவ்வொரு இனத்துக்கும் ‘இந்த இனம் இப்படித்தான் இருக்கணும்’னு எழுதி வெச்ச ஒரு இலக்கணம் இருக்கு. உயரம், தலையோட வடிவம், பல் வரிசை, தோள்பட்டைச் சாய்வு, முதுகுக் கோடு, வால் எல்லாம் அதுல வரும். கண் முன்னாடி நிக்கிற நாய் அந்த இலக்கணத்துக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குங்கிறதைத்தான் ஜட்ஜ் பார்க்கிறார்.

அதுக்கு அவருக்குக் கிடைக்கிறது சில நிமிஷம்தான். அந்த நேரத்துல குட்டி கூனிக்குறுகி நின்னா, நல்ல தோள்பட்டை இருந்தும் தெரியாது. உட்கார்ந்துட்டா பின்னங்கால் கோணமே தெரியாது. நாய் தன் உடம்பை முழுசாக் காட்டி அசையாம நிக்கிறதுக்கு ஷோ வட்டாரத்துல ‘ஸ்டாக்’னு பேர். ஷேர் மார்க்கெட் ஸ்டாக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, பதற வேண்டாம்.

பெரும்பாலான இனங்களுக்கு நிக்கிற முறை ஒண்ணுதான். முன்னங்கால் ரெண்டும் தோளுக்கு நேர் கீழே, தூண் மாதிரி. பின்னங்கால் கொஞ்சம் பின்னாடி தள்ளி, கணுக்கால் மூட்டுல இருந்து பாதம் வரைக்கும் தரைக்குச் செங்குத்தா. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு மட்டும் கதை வேற. ஒரு பின்னங்காலைப் பின்னாடி நீட்டி, இன்னொண்ணை வயித்துக்கு அடியில வெச்சு நிக்கும். அதைப் பார்த்துட்டு உங்க ராஜபாளையத்தையும் அப்படி இழுத்து நிறுத்தாதீங்க. பார்க்கவே பாவமா இருக்கும்.

முதல் தப்பு ‘சிட்’

குட்டி வாங்கின முதல் வாரத்துல நாம எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறது என்ன? ‘சிட்’. பிஸ்கட்டைக் காட்டுவோம், உட்காரும், கொடுப்போம், வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவோம். குட்டி என்ன கத்துக்குது? ‘மனுஷன் கையில தீனி இருந்தா, உட்கார்ந்தா கிடைக்கும்.’ நாளைக்கு ரிங்ல நீங்க தீனியைக் காட்டினதும் அதைத்தான் செய்யும். நீங்க தூக்கி நிறுத்துவீங்க, அது உட்காரும். திரும்பத் தூக்குவீங்க, திரும்ப உட்காரும்.

அதனால ஷோவுக்கு வளர்க்கிற குட்டிக்கு முதல்ல ‘நில்லு’தான். ‘உட்காரு’ பின்னாடி வரட்டும், ஒண்ணும் குடி முழுகிடாது. ஏற்கெனவே ‘சிட்’ பழக்கிட்டீங்களா? பரவாயில்லை. ரெண்டுக்கும் வேற வேற வார்த்தை, வேற வேற கை அசைவு வெச்சுக்கோங்க. கொஞ்சம் நாள் கூடுதலா ஆகும், அவ்வளவுதான்.

ஒரு செகண்டுல ஆரம்பிக்கணும்

குட்டி எட்டு வாரத்துல வீட்டுக்கு வந்ததுமே இதை ஆரம்பிச்சிடலாம். வேகவெச்ச சிக்கனைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிச்சு வெச்சுக்கோங்க. வேகவெச்ச ஈரலுக்கு மயங்காத நாயே இல்லைன்னு ஹேண்ட்லர்கள் சொல்றாங்க. ஆனா ஈரல் அளவோடதான், அதிகமானா வயிறு கெட்டுடும். இதுல கொடுக்கிறதை அன்னிக்குச் சாப்பாட்டுல கழிச்சுக்கணும். சாப்பிட்டு முடிச்ச குட்டிக்குப் பாடம் ஏறாது, பசி லேசா எடுக்கிற நேரம்தான் சரி.

தீனியைக் குட்டியோட மூக்குக்கு நேரா பிடிங்க. இந்த உயரம் முக்கியம். கை மேல போனா தலை மேல போகும், பின்பக்கம் தானா கீழே இறங்கி உட்கார்ந்துடும். கை கீழே போனா தலையைத் தொங்கப் போட்டுடும். மூக்குக்கு நேரா வெச்சு, மெதுவா உங்க பக்கம் ஒரு அரை அடி இழுங்க. குட்டி ஒரு எட்டு முன்னாடி வெச்சு நிக்கும். நாலு காலும் தரையில நின்ன அந்த நொடி ‘யெஸ்’னு சொல்லிட்டுத் தீனியைக் கொடுங்க. நிக்கிறப்பவே கொடுக்கணும். குதிச்சு வாங்கினாலோ உட்கார்ந்து வாங்கினாலோ வேற பாடம் நடத்தினதா ஆயிடும்.

முதல் நாள் இலக்கு ஒரே ஒரு செகண்ட். அது பத்து தடவை சரியா வந்தா ரெண்டு செகண்ட். அப்புறம் மூணு, அஞ்சு. ஏறிக்கிட்டே போகாம நடுவுல ஒரு சுலபமான ஒரு செகண்டையும் போடுங்க. ‘எப்பவும் கஷ்டம்தான்’னு குட்டிக்குத் தோணக் கூடாது இல்லையா? முடிஞ்சதும் ‘ஓகே’ மாதிரி ஒரு விடுதலை வார்த்தை சொல்லி விளையாட விட்டுடுங்க. எப்போ முடியும்னு தெரிஞ்சாதான் அதுவும் காத்திருக்கும்.

ஒரு வகுப்பு ரெண்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு நாளைக்கு மூணு தடவை போதும். அண்ணன் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் சேர்த்து வெச்சு நடத்தியிருக்கார். நாம செமஸ்டருக்கு முந்தின நாள் படிச்ச மாதிரிதான்!

இன்னொரு விஷயம், தரை. நம்ம வீட்டு டைல்ஸ், மொசைக் தரையில குட்டியோட கால் வழுக்கி அகலும். நிக்கவே பயந்துடும். ஒரு ரப்பர் மேட்டோ சாக்கோ போட்டுக்கோங்க. அந்த மேட் ‘இங்கே வந்தா நிக்கணும்’ங்கிற அடையாளமாவும் ஆயிடும்.

கையால நிறுத்துறது

தானா நிக்கப் பழகினதுக்கு அப்புறம்தான் காலைத் தொட்டுத் திருத்தணும். ரிங்ல எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்ச் சுற்றுல போவாங்க, நாய் உங்க இடது பக்கம். அப்பதான் நடுவுல நிக்கிற ஜட்ஜுக்கும் உங்களுக்கும் இடையில நாய் மறைக்காம தெரியும். நிறுத்துறப்போ நாயோட தலை உங்க வலது கைப்பக்கம் வரும். வலது கையால தாடைக்கு அடியில காலரோட சேர்த்து மெதுவா தாங்கிக்கணும், இடது கையால காலைச் சரி பண்ணணும்.

முன்னங்காலைப் பாதத்தைப் பிடிச்சுத் தூக்கினா எந்த நாயும் உதறும். முழங்கைப் பக்கம் பிடிச்சு, லேசா தூக்கி, நேரா இறக்கணும். பின்னங்காலையும் பாதத்தைத் தொடாம மேல் மூட்டுப் பக்கம் பிடிச்சு வைக்கணும். ஒரு கால் வெச்சதும் ஒரு தீனி. நாலு காலையும் ஒரே நாள்ல சரி பண்ணிடணும்னு எந்த அவசரமும் இல்லை.

சிட்டு விஷயத்துல அண்ணன் இதைத்தான் தலைகீழா பண்ணியிருக்கார். லீஷை மேல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இடுப்பை அமுக்கி, “அசையாதே”ன்னு அதட்டல் வேற. சிட்டு நின்னுச்சுதான், ஆனா பயந்து உறைஞ்சு நின்னது. காதைப் பின்னாடி மடக்கிறது, உதட்டை நக்கிக்கிட்டே இருக்கிறது, தூக்கம் வராம கொட்டாவி விடுறது, முகத்தைத் திருப்பிக்கிறது எல்லாம் ‘எனக்குப் பிடிக்கலை’ன்னு நாய் சொல்ற பாஷை. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தா அத்தனையும் இருக்கு. நாங்க அதைச் ‘சமத்து’ன்னு நினைச்சிருக்கோம்.

ஜட்ஜோட கை

ரிங்ல ஜட்ஜ் நாயைத் தொடுவார். தலை, தோள், முதுகு, இடுப்பு, தொடைன்னு கை போகும். உதட்டை விலக்கிப் பல் வரிசையைப் பார்ப்பார். ஆண் நாய்ன்னா விதைப்பை ரெண்டும் இறங்கியிருக்கான்னும் பார்ப்பார். முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து இவ்வளவும் பண்ணினா நமக்கே ஒரு மாதிரி இருக்கும்!

அதுலயும் நம்ம ஊர் நாய்களுக்கு இது கூடுதல் கஷ்டம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனங்கள். வீட்டு ஆளுங்ககிட்ட உசுரா இருக்கும், வெளியாள்கிட்ட ஒதுங்கி நிக்கும். லாப்ரடார் குட்டி ஜட்ஜ் முகத்தை நக்கப் போகும். சிப்பிப்பாறை குட்டி ‘நீ யாருய்யா’ன்னு பார்க்கும். அது குறை இல்லை, குணம். பாடத்தைத்தான் அதுக்கேத்த மாதிரி மாத்திக்கணும்.

எப்படின்னா, முதல்ல நீங்களே ஒரு விரலால தோளைத் தொட்டுட்டுத் தீனி கொடுங்க. வரிசை முக்கியம், தொட்ட பிறகுதான் தீனி. அப்பதான் ‘கை வந்தா நல்லது வரும்’னு அதுக்குப் புரியும். அப்புறம் உள்ளங்கை, முதுகு, இடுப்பு, வாய். அடுத்து வீட்ல இருக்கிறவங்க. அடுத்து பக்கத்து வீட்டு அக்கா, இஸ்திரி போடுற அண்ணன், தண்ணி கேன் போடுற தம்பி. தொப்பி போட்டவங்க, கூலிங் கிளாஸ் போட்டவங்க, புடவை முந்தானை பறக்கிறவங்கன்னு எல்லா வகையும் வேணும். ஜட்ஜ் எந்த கெட்டப்ல வருவார்னு நமக்குத் தெரியாது. யாரா இருந்தாலும் தலைக்கு மேல குனியாம, பக்கவாட்டுல வந்து, தாடைக்குக் கீழே கையைக் காட்டிட்டுத் தொடச் சொல்லுங்க. குட்டி பின்வாங்கினா அதோட விட்டுடணும். “ஒண்ணும் பண்ணாது, தொடுங்க”ன்னு பிடிச்சு வெச்சுக் காட்டினா, ஒரு வாரப் பாடம் ஒரே நிமிஷத்துல போயிடும்.

நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு வலிக்கிற காலம். அப்போ வாய்ப் பாடத்தை ரொம்பக் குறைச்சுக்கோங்க. அதே மாதிரி, தடுப்பூசி அட்டவணை முடியுற வரைக்கும் மத்த நாய்கள் புழங்குற மைதானத்துல இறக்கி விடாதீங்க, பார்வோ வைரஸ் குட்டிகளை விட்டு வைக்காது. அதுவரைக்கும் தெருவைக் கையில தூக்கிட்டுப் போய்க் காட்டலாம்.

இவ்வளவு மெனக்கெடணுமா?

‘ஒரு கப்புக்காக இதெல்லாம் தேவையா?’ன்னு கேட்டா, கப்புக்காக மட்டும்னா தேவையில்லைன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா நிக்கவும், வாயைக் காட்டவும் பழகின நாயைக் கால்நடை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. நாலு பேர் அமுக்கிப் பிடிக்காம ஊசி போடலாம். காதுல உண்ணி இருக்கான்னு பார்க்கலாம். நகம் வெட்டலாம்.

அப்புறம், நம்ம நாட்டு இனங்களுக்கு வெளிச்சம் கிடைக்கிற இடங்கள்ல டாக் ஷோவும் ஒண்ணு. 2005-ல இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாலு நாய் இன ஸ்டாம்ப்கள்ல ராஜபாளையமும் இருந்தது. 2020 ஆகஸ்ட் ‘மன் கி பாத்’ல பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொன்னார். உடனே எல்லாரும் குட்டி தேடினாங்க. ஆனா ‘இது நல்ல சிப்பிப்பாறைதானா’ன்னு விவரம் தெரிஞ்ச ஒருத்தர் தொட்டுப் பார்த்துச் சொல்ற இடம் ரிங்தான். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவோட தலைமையகமே நம்ம சென்னையிலதான் இருக்கு. அங்கே பதிவு பண்ண நாய்க்கு மைக்ரோசிப் அவசியம். ஷோவுக்குப் போற ஐடியா இருந்தா குட்டி வாங்குறப்பவே பேப்பர் விஷயத்தைக் கேட்டுடுங்க.

ஷோ அன்னிக்கு ரொம்பச் சொல்ல ஒண்ணுமில்லை. வயிறு முட்டச் சாப்பாடு வேண்டாம், தண்ணியும் ஒரு ஈரத் துண்டும் கையில இருக்கட்டும், ரிங்குக்குப் போறதுக்கு முன்னாடி ‘உச்சா’ வேலையை முடிச்சிடுங்க. ஜட்ஜ் வரிசையில வேற நாயைப் பார்க்கிறப்போ உங்க குட்டியை விறைப்பா நிறுத்தி வைக்காதீங்க. அப்போ தளர்வா விட்டுட்டு, உங்க முறைக்கு ரெண்டு நாய் முன்னாடி நிறுத்தினா போதும். கறுப்பு நாய்க்குக் கறுப்பு பேன்ட் போட்டுட்டுப் போனா, முதுகுக் கோடு உங்க பேன்ட்டுக்குள்ள காணாமப் போயிடும்.

சிட்டு இப்போ என்ன பண்ணுது? அண்ணன் பழைய லீஷைத் தூக்கிப் போட்டுட்டு மெலிசா வேற கலர்ல ஒண்ணு வாங்கினார். முதல் பத்து நாள் லீஷ் மாட்டவே இல்லை. அது தரையில கிடக்கும், பக்கத்துல சிக்கன் கிடக்கும், அவ்வளவுதான் பாடம். அப்புறம் ஒரு செகண்ட்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சார். போன வாரம் வீடியோ கால்ல காட்டினார். மொட்டை மாடியில கோணிச் சாக்கு மேல சிட்டு நிக்குது, வால் இயல்பா தொங்குது. இஸ்திரி அண்ணன் வந்து தோளைத் தொட்டு, முதுகைத் தடவி, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிறார். நான் எண்ணிட்டே இருந்தேன், பதினோரு செகண்ட். பன்னிரண்டாவதுல ஒரு காக்கா வந்து உட்கார்ந்துச்சு, சிட்டு பறந்துட்டா.

“அடுத்த ஷோவுக்குப் பேர் கொடுத்தாச்சாண்ணே?”ன்னு கேட்டேன்.

“இன்னும் இல்லடா. காக்காவையும் பழக்கணும்ல!”