தூக்கமும் நித்திரையும்

ஆங்கிலத்திலே 'ஸ்லீப்' என்பது மிக எளிய சொல். அரசனுக்கும் அதுவே, ஆண்டிக்கும் அதுவே. கால் மரத்துப்போனாலும் கால் தூங்குகின்றது என்பது அம்மொழியாரின் வழக்கு. இருப்புப்பாதையின் கீழ்க் குறுக்கே கிடக்கும் மரத்துக்கும் அச்சொல்லிற் பிறந்த பெயரையே இட்டனர். அது நம்மவர் வாயிலே 'சிலிப்பர் கட்டை' ஆயிற்று. அச்சொல்லைக் கேட்டால் நீட்டிக் கிடக்கும் உருவமே மனத்தில் எழும். இதனைத் தமிழிற் பெயர்க்கச் சொன்னால் மட்டும் கண்டி நகரிலே ஒரு சிறு வழக்கு எழுந்துவிடும்.

கண்டி இருவகைத் தமிழ் கூடும் இடம். உத்தியோகத்தின் பொருட்டும் ஆசிரியப் பணியின் பொருட்டும் வடக்கிலிருந்து வந்தோர் "வடிவா நித்திரை கொண்டனீயோ?" என்பர். கோப்பிக் காலந்தொட்டுத் திருச்சி, சேலம், மதுரை முதலிய பகுதிகளிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் "நல்லாத் தூங்கினியா?" என்பர். கண்டிக்குப் புகைவண்டி வந்த அதே 1867ஆம் ஆண்டிலேதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். அத்தேயிலையை வளர்த்த மக்களின் சொல் 'தூக்கம்'.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டப்புற மாணாக்கி ஒருத்தியின் கட்டுரைக் கொப்பியைப் பார்க்க நேர்ந்தது. 'வேலை முடிந்து வந்த அம்மா அலுப்பிலே தூங்கினாள்' என எழுதியிருந்தாள். 'தூங்கினாள்' சிவப்பு மையால் வெட்டுண்டு, மேலே 'நித்திரை கொண்டாள்' என்பது ஏறியிருந்தது. ஓரத்திலே 'கொச்சை' என ஒரு தீர்ப்பு. அடுத்த கட்டுரைகளைப் புரட்டினேன். இரவு வருகிறது, விளக்கு அணைகிறது, ஆயின் ஒருவரும் தூங்கவில்லை, நித்திரை கொள்ளவுமில்லை. 'அம்மா கண்ணை மூடிப் படுத்தாள்' என்றே எங்கும் எழுதியிருந்தாள். தன் வீட்டுச் சொல்லை அவள் விட்டுவிட்டாள். பிறர் வீட்டுச் சொல்லும் அவள் கைக்கு வரவில்லை.

எது கொச்சை? நித்திரை 'நித்ரா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அயலிலே சிங்கள மக்கள் 'நிந்த' என்பதும் அம்மூலத்தின் வழிவந்ததே. பழைய வரவு, பலகாலம் நம்மோடு பழகிய சொல். யான் அதனைக் குறை கூறேன். ஆயினும் தூய்மை என்னும் கோலை எடுத்து அளக்கப் புகுந்தால், அக்கோல் முதலில் எதன் தலையிலே விழும் என்பதை அத்தீர்ப்பு வழங்கினோர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இனித் 'தூங்கு' என்பதைப் பார்ப்போம். இதன் பழம்பொருள் தொங்குதலும் அசைதலும் ஆம். சோழர் முன்னோன் ஒருவன் அழித்ததாகப் பழம்பாடல்கள் போற்றும் வானத்துத் தொங்கும் கோட்டைக்குப் பெயர் தூங்கெயில். வஞ்சிப்பாவுக்கு உரியது தூங்கலோசை. கூட்டைத் தொங்கவிடும் குருவி தூங்கணாங்குருவி. வினைசெயல்வகை அதிகாரத்திலே வள்ளுவர் இச்சொல்லைக் காலந்தாழ்த்தல் என்னும் பொருளில் ஆள்வர். யானைக்குரிய பல பெயர்களுள் 'தூங்கல்' என்பதும் ஒன்று. எசல பெரகராக் காலத்திலே கண்டியிற் கட்டிநிறுத்திய யானை நின்றபடியே இடமும் வலமும் அசைவதைக் கண்டோர்க்கு அப்பெயரின் அழகை யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அமர்ந்தபடி உறங்குவோனின் தலை தொங்கும், உடல் ஆடும். அவ்வழியே தொங்குதல் உறங்குதலாயிற்று எனக் கொள்ளலாம். கன்னடத்திலே 'தூகு' என்பது ஆடுதல். 'தூகடிசு' என்பதோ உறக்கக் கலக்கத்தில் தலை சாய்ந்தாடுதல். மலையாளத்தார் 'தூங்ஙுக' என்றால் தொங்குதலே. உறங்குவதற்கு அவர்க்கு வேறு சொல் உண்டு.

யாழ்ப்பாணத்துச் செவிக்கு இச்சொல் உறுத்துவதற்கும் காரணம் இல்லாமலில்லை. அங்கே பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. கழுத்திற் கயிறிட்டு மாண்டவனைத் 'தூங்கிச் செத்தான்' என்பர். "தாத்தா தூங்கிட்டாரு" என ஒரு சிறுவன் சொல்லக் கேட்டால், புதிதாய் வந்த ஆசிரியர் திடுக்கிடுதல் இயல்பே. திடுக்கிடலாம், திருத்துதல் ஆகாது. அவ்வாசிரியரின் ஊரிலேயும் 'நித்திரை தூங்கி விழுகிறான்' என்பர் அன்றோ? இரண்டு சொற்களும் ஒரே பாயிலே கிடக்கின்றன!

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை மூத்தோர் அறிவர். தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறிய பின், கூரையிலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பார்த்துக்கொள்ளும் கிழவி ஒன்றை ஆட்டிவிட்டு மற்றொன்றுக்கு நகர்வாள். உள்ளே கிடக்கும் குழந்தை தொங்குகின்றது, அசைகின்றது, உறங்குகின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதி 'தூங்கு' என்பதற்குத் தரும் இம்மூன்று பொருளும் பழஞ்சேலை ஒன்றினுள்ளே ஒருங்கே அடங்கியிருந்தன. இச்சொல்லையா கொச்சை என்பது?

துயில், உறக்கம், கண்படை, அறிதுயில் என ஏனையவற்றை மாணாக்கர் நிகண்டிலே காண்பர். 'துஞ்சு' என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். உறங்குதலுக்கும் இறத்தலுக்கும் பொதுவான சொல் அது. குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் என மன்னன் மாண்ட இடம் அவன் பெயரோடு ஒட்டி நின்றது காண்க.

என்னிடம் வரும் விடைத்தாள்களிலே தூங்கினாள் என்றாலும் நித்திரை கொண்டாள் என்றாலும் முழுப் புள்ளி இடுகின்றேன். ஆசிரிய மாணாக்கருக்கும் அவ்வாறே செய்யச் சொல்லிவருகிறேன். 'உறக்கம்' என்பதை இடையின ரகரமிட்டு எழுதுவோர்க்கு மட்டும் சிவப்பு மை உண்டு. 'உரக்க' என்று எழுதினால் உறங்குகிறவன் விழித்துக்கொள்வான்.