ஒரே மூலநிரல் இரு வேறு கோப்புகளாவது ஏன்?

டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் மூலநிரலை யாவரும் வாசிக்கலாம். ஆயினும் நம் கணினியில் ஓடுவது அம்மூலநிரலன்று, எங்கோ ஒரு சேவையகம் அதிலிருந்து தொகுத்தளித்த இருமக் கோப்பேயாதலால், இரண்டும் மெய்யாகவே பொருந்துகின்றனவா என்னும் சந்தேகம் நியாயமானதே. நிரலைத் தொகுக்கும் கம்பைலரே வஞ்சகம் புரியக்கூடுமென்று கணினி அறிஞர் கென் தாம்சன் 1984-இல் வெளியான தமது டூரிங் விருதுரையில் எச்சரித்திருக்கிறார்.

நிரலை மறுபடி தொகுத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீராதா எனின், அவ்வளவில் தீராது. தொகுத்த நேரம், கோப்புறையின் பாதை, வட்டிலிருந்து கோப்புகள் வந்த வரிசை முதலிய அற்ப விஷயங்களெல்லாம் உள்ளே பதிந்து, குற்றமற்ற நிரலையும் வேறுபட்டதாகக் காட்டிவிடுகின்றன.

ஆகவே டெபியனுக்கான பரிசோதனைக் கட்டமைப்பில், ஒரு மென்பொருள் பொதியை இருமுறை தொகுக்கிறார்கள். இரண்டாம் முறை கடிகாரத்தை ஓராண்டுக்கு மேல் முன்னே தள்ளி, நேர மண்டலம், மொழி அமைப்பு, கணினியின் பெயர் ஆகியவற்றையும் வேண்டுமென்றே மாற்றி, விளைவுகளைப் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு தோன்றினால், ‘டிஃபாஸ்கோப்’ என்னும் கருவி பொதியை அடுக்கடுக்காகப் பிரித்து, ஆண்டின் ஓர் இலக்கம் மாறியிருப்பினும் அவ்விடத்தையே சுட்டுகிறது. நேரத்தால் விளைந்த பேதத்துக்குப் பரிகாரம் சுலபம்: பொதியின் மாற்றப் பதிவேட்டிலுள்ள கடைசித் தேதியை ஒரு சூழல் மாறியின் மூலம் கருவிகளுக்கெல்லாம் அளித்துவிடுவதே.

நிரல் எழுதும் வாசகர்கள், தொகுத்த நேரத்தை நிரலினுள் பதிக்கும் வழக்கத்தை இன்றே கைவிட வேண்டுகிறேன்.