அம்மாவின் பாட்டுப் பெட்டி

ஜுருவில் எங்கள் வீட்டு அடுக்களையில், உப்பு டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கைப்பேசி சாய்ந்திருக்கும். 2012-இல் வெளிவந்த சாம்சங் கேலக்சி எஸ்3. 2021 இறுதியில் நாட்டில் 3ஜி சேவை முடிவுக்கு வந்த பிறகு, வீட்டை விட்டு வெளியே போனால் அதில் வேகமான இணையம் இல்லை. ஆனால் வீட்டு வைஃபை வழியாக என் கணினியிலுள்ள பாடல்களை எடுத்துப் பாடும். அம்மாவுக்கு அதுதான் வானொலி. கீழே இருக்கும் பொத்தானை அமுக்கினால் போதும் என்பதால், புதிய கைப்பேசி வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பார்.

ஒருநாள் அதன் பின்மூடி புடைத்திருந்தது. இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்து பேட்டரி வீங்கிவிட்டது. உடனே சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றினேன். புதியதை மாட்டுவது எளிது. ஆனால் எப்போதும் முழு சார்ஜில், அடுக்களைச் சூட்டில் இருந்தால் அதற்கும் அதே கதிதான். 4.35 வோல்ட் வரை ஏற்றுவதை 4.1 வோல்ட்டோடு நிறுத்திவிட்டால் என்ன?

அந்த வரம்பு இருப்பது கெர்னலில். திரை, ஒலிபெருக்கி, சார்ஜர் போன்ற வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் மென்பொருள் அது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் ஜிபிஎல் உரிமத்தின்படி, கெர்னலைக் கைப்பேசியில் வைத்து விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும். அதனால்தான் என்னைப் போன்றவர்களுக்கும் அது கிடைக்கிறது.

மாற்ற வேண்டியது ஒரே ஓர் எண். ஆனால் முதல் முயற்சியே பிழையில் நின்றது. என் கம்பைலர் புதியது, கெர்னலோ 3.0.31. அந்தக் காலத்துக் கம்பைலர், 4-ஆம் வரிசையில் ஒன்றைத் தேடிப் போட்ட பிறகே வேலை முடிந்தது. ஏற்கெனவே இருந்த கெர்னலை நகலெடுத்து வைத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். கைப்பேசி உயிர் பெற்றது.

"பாட்டு வரலையேடா!" என்றார் அம்மா.

வைஃபை வேலை செய்யவில்லை. சார்ஜர் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இரண்டு இரவுகள் போயின. மூன்றாம் இரவுதான் கெர்னலின் பதிவேட்டைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். அங்கே தெளிவாகவே எழுதியிருந்தது: வைஃபை இயக்கியின் பதிப்புப் பெயரும் கெர்னலின் பதிப்புப் பெயரும் பொருந்தவில்லை.

பெருமைக்காகக் கெர்னல் பெயரின் கடைசியில் "ஜுரு" என்று சேர்த்திருந்தேன்! தனிக் கோப்பாக இருந்த வைஃபை இயக்கி, இது தன் கெர்னல் இல்லை என்று உள்ளே வர மறுத்திருக்கிறது. ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு மறுபடி தயாரித்தேன். வைஃபை வந்தது.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்திருந்தால் அந்த இரண்டு இரவுகளும் தூங்கியிருப்பேன். ஊகிப்பதற்கு முன் பதிவேட்டைப் படித்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். நீங்களும் இறங்கினால், பழைய கெர்னலின் நகலை மட்டும் மறக்காதீர்கள். பேட்டரி வீங்கியிருந்தால் அமுக்கவோ குத்தவோ வேண்டாம். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இப்போது திரையில் 100 விழுக்காடு வருவதில்லை. "ஏன்டா, நிறையவே மாட்டேங்குது?" என்று அம்மா கேட்கிறார்.

"அரை வயிறு சாப்பிட்டா ஆயுசு கெட்டிம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே பொத்தானை அமுக்கினார்.